விட்டு வந்துவிட்டேன்

ஜூன் 5, திங்கள்

காலையில் மோட்டார் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, தண்ணீர் ஏறவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு குடம் பக்கத்து வீட்டில் பிடித்தேன்.

வக்கீல் ரோஸ்லின் மேடத்திடமிருந்து புதுக் கட்டு வந்தது. விவாகரத்து வழக்கின் மேல்முறையீடு. கீழ்க்கோர்ட்டில் தமிழில் நடந்த சாட்சியங்களை உயர் நீதிமன்றத்துக்காக ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். பல வருடமாக வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் இந்தத் தடவை மேடம் போனில் அவசரமாகப் பேசினார்.

“மங்கை, எதிர்தரப்புல ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு போட்டிருக்காங்க. அதுல ஒரு வார்த்தை இருக்கு, டெசர்ட். அந்த ஒரு வார்த்தையில எங்க கேஸ் போயிரும். நீங்க மூலத்தப் பாத்துட்டு சொல்லுங்க.”

பார்த்தேன். மேடத்தின் கட்சிக்காரர் பெயர் பாண்டிமீனா, வயது முப்பத்து நான்கு, தையல் யூனிட்டில் வேலை. கணவர் காசிராஜன்தான் வழக்குப் போட்டவர்: மனைவி என்னைக் கைவிட்டுப் போய்விட்டாள், விவாகரத்து வேண்டும், பெண் குழந்தை என்னிடமே இருக்க வேண்டும். கீழ்க்கோர்ட் அப்படியே கொடுத்துவிட்டது, மேல்முறையீடு இந்தப் பெண்ணுடையது. குறுக்கு விசாரணையில் அந்தப் பெண் சொன்னதாக எழுதியிருப்பது ஒரே வரி: ‘ஆம், நான் என் கணவரை விட்டு வந்துவிட்டேன்.’ அதை எதிர்தரப்பு, நான் என் கணவரை டெசர்ட் செய்தேன், அதாவது கைவிட்டேன், என்று ஆக்கியிருக்கிறது.

தப்பு என்று சட்டெனச் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்காரருக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. மாடியிலேயே சாப்பிடுகிறார். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

ஜூன் 7, புதன்

மோட்டார் சரியானது.

அகராதியை விரித்தால் குழப்பம் கூடுகிறது. டெசர்ட் என்றால் கைவிடுவது. படைவீரன் முகாமை விட்டு ஓடினாலும் அதே சொல், அதற்குத் தண்டனை உண்டு. ஆபத்தில் தைரியம் நம்மை விட்டுப் போனாலும் அதுதான். மணல் பாலைவனமும் அதே எழுத்து, உச்சரிப்பு மட்டும் வேறு. ஒருவனுக்குச் சேர வேண்டிய பலனும் அதே எழுத்துதான், அதை வினைச்சொல் மாதிரியே உச்சரிக்க வேண்டும். ஆனால் வேர் வேறு. சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பில் எழுத்து ஒன்று கூடுதல், உச்சரிப்பு இதே. ஒரு மொழி இப்படியா ஆளைச் சுற்ற வைக்கும்?

நான் படித்தது தமிழ் எம்.ஏ. ஆங்கிலம் தொழிலுக்காகக் கற்றது. வேர்ச்சொல் எல்லாம் எனக்கு எட்டாது. அவர் ஆங்கிலப் பேராசிரியர், லத்தீன் கொஞ்சம் தெரியும். கேட்கலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்து, சாயங்காலம் வாட்ஸப்பில் கேட்டேன். மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். தாள் திருத்தும்போது கதவைத் தட்டினால் அவருக்குப் பிடிக்காது.

உடனே பதில் வந்தது! அகராதிப் பக்கத்தைப் படம் எடுத்தே அனுப்பியிருந்தார். மூலம் ‘டெசெரெரே’. ‘செரெரே’ என்றால் கோப்பது, வரிசையாகச் சேர்ப்பது. ‘டெ’ அதை அவிழ்க்கிறது. பாலைவனம் என்ற சொல்லும் இதிலிருந்தே, மனிதர் கைவிட்ட இடம் என்ற பொருளில்.

பாலைத் திணைக்கு உரியது பிரிவு என்று வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவுக்கு வந்தது. எங்கேயோ இருக்கிற லத்தீனுக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று அவருக்கு எழுதினேன். நீல டிக் விழுந்தது. தூங்கியிருப்பார்.

ஜூன் 8, வியாழன்

சிலிண்டர் வந்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 10, சனி

பாண்டிமீனா வந்திருந்தாள். சாட்சியத்தில் இரண்டு இடத்தில் எழுத்து புரியவில்லை என்று கேட்டதற்கு, மேடம் ஆளையே அனுப்பிவிட்டார். ஒல்லியான பெண். செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக, சுவரை ஒட்டி வைத்துவிட்டு வந்தாள். முதலில் மேடம் என்றாள், காபி கொடுத்த பிறகு அக்கா ஆனேன்.

“விட்டு வந்துட்டேன்னு நீங்களே சொன்னீங்களாம்மா?” என்றேன்.

“வக்கீலு திரும்பத் திரும்ப அதவே கேட்டாருக்கா. விட்டு வந்தியா இல்லையா, ஆமாவா இல்லையான்னு. வந்துட்டேன்னுதான் சொன்னேன். வந்தது உண்மைதான?”

“ஏன் வந்தீங்கன்னு அவர் கேக்கலையா?”

“கேக்கல. நானாச் சொன்னேன், அதக் கீழ எழுதிருக்காக.”

எழுதியிருந்தது நாலு வரி. அவள் வாயால் கேட்டது வேறு மாதிரி இருந்தது. காசிராஜன் அவளை அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசுவதை நிறுத்திவிட்டான். என்ன கோபம் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பிள்ளையிடம் சொல்லி விடுவான்: அம்மாவிடம் சட்டை எங்கே என்று கேள், அம்மாவிடம் உப்பு அதிகம் என்று சொல். பிறகு, யூனிட்டிலிருந்து அவள் திரும்பும் நேரம் பார்த்துக் கதவைப் பூட்ட ஆரம்பித்தான். தட்டிக்கொண்டே நிற்பாள், தோன்றும்போது திறப்பான்.

“ஒரு நா மழ. தட்டித் தட்டிப் பாத்தேன். பிள்ள சன்னலுக்கு வந்து, அம்மா, சாவி அப்பா பையில இருக்கு, எடுத்தா அடிப்பாருன்னு அழுதுச்சு. தெருவே பாக்குது. எனக்குக் கூசிப் போச்சுக்கா. அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறிட்டேன். மறுநா காலைல வந்தேன், பூட்டு வேற மாத்திட்டாரு.”

“இத கோர்ட்ல சொன்னீங்களா?”

“சொன்னேன். அதுக்கும் அந்த வக்கீலு, அப்ப வந்தது வந்ததுதானன்னாரு. ஆமான்னேன்.”

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

“வீட்ல யாரும் இருக்காகளா?”

“எங்க வீட்டுக்காரர். மாடியில வேலையா இருக்கார்.”

எழுந்து போகும்போது மாடிப்படியில், மூன்றாவது படியில் மூடி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அவுக கீழ வந்து சாப்பிட மாட்டாகளாக்கா?”

“தாள் திருத்துறார்.”

“சரிக்கா,” என்றாள். போகும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். வழக்குக்காக நான்தான் அவளுக்குத் தைரியம் சொல்லியிருக்க வேண்டும், அவள் எனக்குச் சொல்வது போல அது இருந்தது. ஏன் என்று புரியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

இதை எழுதி வைக்க வேண்டும். அவர் மாடிக்குப் போனது தூக்கம் சரியில்லாததால். கீழே கொசு, ரோட்டுச் சத்தம். சிந்துஜா பிளஸ் டூ படித்த வருடம் ராத்திரி முழுக்க விளக்கெரியும், அப்போது போனவர். அவள் கோயம்புத்தூருக்கு ஹாஸ்டல் போன பிறகும் அங்கேயே பழகிவிட்டது. புத்தகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. எதையும் பூட்டுகிறவர் இல்லை.

தட்டைப் படியில் வைப்பது எனக்கு முழங்கால் வலி என்பதால்.

ஜூன் 14, புதன்

இன்று நல்ல நாள்.

‘செரெரே’ என்பதற்கு இன்னொரு அகராதியில் விதைப்பது என்று போட்டிருந்தது. அப்படியானால் கைவிடுவது என்றால் விதைத்ததைப் பிடுங்குவதா? ஒரே குழப்பம். வாட்ஸப்பில் கேட்டேன். பதில் வரவில்லை. காலடிச் சத்தம்தான் வந்தது. அவரே இறங்கி வந்துவிட்டார்!

“அது வேற செரெரே. ரெண்டு வினைச்சொல், பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். விதைக்கிறது ஒண்ணு, கோக்கிறது ஒண்ணு. உன் வார்த்தை கோக்கிறதுலருந்து வந்தது,” என்றார். அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றபடி பேசினார். நான் காபி கலந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

“சீரீஸ், இன்சர்ட் எல்லாம் அந்தக் குடும்பம்தான். செர்மோன்னு ஒண்ணு இருக்கு, லத்தீன்ல பேச்சுன்னு அர்த்தம். அதுவும் இதுலருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. சொல்லைக் கோத்தா பேச்சு.”

“அப்ப பேசாம இருக்கிறதும் டெசர்ட் பண்றதா?” என்று கேட்டேன். வழக்கை நினைத்துத்தான் கேட்டேன்.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேர்ச்சொல்ல வச்சு அர்த்தம் சொல்லக் கூடாது. அது மாணவர்கள் பண்ற தப்பு,” என்றார். காபியை முடித்து டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணமான புதிதில் இப்படித்தான், ஒரு சொல்லைப் பிடித்தால் மணிக்கணக்காகச் சொல்வார். கொஞ்சம் நரைத்திருக்கிறார், பக்கத்தில் பார்த்தால் தெரிகிறது. ராத்திரிக்கு அடைக்கு ஊறப் போட்டேன், அவருக்குப் பிடிக்கும்.

ஜூன் 15, வியாழன்

அடை மீந்துவிட்டது. மாவை ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்று சந்தேகம் கேட்கலாம் என்றால் ஒரு சந்தேகமும் அகப்படவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

சிந்துஜா போன் செய்தாள். பரீட்சை, மெஸ் சாப்பாடு, ரூம்மேட்டின் நாய்க்குட்டிப் படங்கள். பிறகு சாதாரணமாக, “அப்பா வேலைக்கு ஓமன் போறதப் பத்தி நீ என்னம்மா நினைக்கிற?” என்றாள்.

“நல்லதுதானே,” என்றேன்.

“விசா வந்துருச்சாம், அடுத்த மாசம் பத்தாம் தேதி டிக்கெட்டாம். உன்கிட்ட சொல்லியிருப்பாருல்ல?”

“சொன்னார் சொன்னார்.”

அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்திருப்பார். எல்லாம் உறுதியான பிறகு சொல்கிற சுபாவம் அவருக்கு. கல்லூரியில் பணி ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறதே, விடுப்பு எடுத்தாரா, விட்டுவிட்டாரா என்று கேட்க மறந்துவிட்டேன். யாரிடம் கேட்க மறந்தேன் என்றும் தெரியவில்லை.

ஜூன் 19, திங்கள்

ரோஸ்லின் மேடத்தின் ஆபீஸுக்கு நேரில் போனேன். மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். அந்த வரியில் டெசர்ட் போடவில்லை; விலகி வந்தேன் என்று பொருள்படும்படி, கேம் அவே என்று போட்டிருந்தேன்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “துரத்தப்பட்டுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமா? உண்மையில அதுதானே நடந்துச்சு?”

“அவங்க அப்படிச் சொல்லலையே மேடம்.”

“சொல்லத் தெரியல அந்தப் புள்ளைக்கு.”

“எதிர்தரப்பு அவங்க சொல்லாதத சேத்தாங்கன்னுதான நாம சொல்றோம்? நாமளும் சேத்தா எப்படி? சரியான மொழிபெயர்ப்புன்னு கையெழுத்துப் போடப் போறது நான்.”

எனக்கு இவ்வளவு பேச வரும் என்று தெரியாது. மேடத்துக்கும் தெரியாது போல. சிரித்தார். பிறகு சட்டத்தை விளக்கினார். கைவிடுவது என்பது காலால் வெளியே போவது மட்டும் இல்லை. இனி சேர்ந்து வாழ்வதில்லை என்ற எண்ணமும் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தோடு ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, மற்றவர் இருக்க முடியாதபடி செய்தால், வெளியே போனவர் கைவிட்டவர் ஆக மாட்டார். உள்ளே இருப்பவர்தான் கைவிட்டவர்.

“வாசலத் தாண்டுனது யாருங்கிறது பெரிசில்ல மங்கை. எண்ணம் யாருக்கு இருந்துச்சுன்னு பாக்கணும்.”

“அந்த எண்ணத்த எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?”

“நடந்துக்கிறதுல தெரியும். என்ன, முகமே வாடிப்போச்சு? சாப்பிட்டீங்களா?”

பஸ்ஸில் வரும்போது காளவாசலில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தேன். ஆள் வெளியேறாமலே கைவிட முடியும் என்றால், உள்ளே இருப்பவரோடு குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருப்பவளுக்கு என்ன பெயர்? அதற்கு அகராதியில் சொல் இல்லை. பாண்டிமீனாவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜூன் 22, வியாழன்

கேட்டுவிட்டேன். கல்லூரியிலிருந்து வந்து படியேறும்போது.

“ஓமன் போறீங்களாமே?”

நின்றார். “சிந்து சொன்னாளா? சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்.”

“நானும் வரணுமா?”

“அங்க சிங்கிள் ரூம்தான் தர்றாங்க.” பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “நீ தனியா இங்க இருக்க வேணாம். உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு. மேலயும் கீழயும் வாடகைக்கு விட்டுறலாம். உனக்கும் துணை.”

“போறது நீங்க. நான் எதுக்கு வீட்ட விட்டுப் போகணும்?”

“இதுல கோபப்பட என்ன இருக்கு மங்கை? யாரும் யாரையும் விட்டுப் போகல.”

“ரெண்டு வருஷம் கழிச்சு?”

“அப்ப பாத்துக்கலாம்.”

“பாத்துக்கலாம்னா? இங்க வருவீங்களா?”

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் விளக்கம் சொல்கிறவர். படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். “தெரியல,” என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேனோ என்னவோ. எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கமாக இருந்தது. இரக்கமா? அதுவும் சரியாகத் தெரியவில்லை.

“நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போக மாட்டேன்,” என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மேலே போனார்.

ஜூன் 23, வெள்ளி

எழுத ஒன்றும் வரவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருந்தார் மேடம். பின்வரிசையில் பாண்டிமீனா பக்கத்தில் உட்கார்ந்தேன். காசிராஜனை முதன்முதலாகப் பார்த்தேன். கொடுமைக்காரன் முகம் இல்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா, அடிக்கடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குழப்பம்தான் கூடியது.

எதிர்தரப்பு வக்கீல் தங்கள் மொழிபெயர்ப்பிலிருந்து அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். டெசர்ட், டெசர்ட். ரோஸ்லின் மேடம் எழுந்து என் மொழிபெயர்ப்பைக் காட்டினார். நீதிபதி இரண்டையும் புரட்டிவிட்டு, “மொழிபெயர்த்தவர் வந்திருக்காரா?” என்றார். எழுந்து நின்றேன்.

“மூலத்துல விட்டு வந்துவிட்டேன்னு இருக்கு. நீங்க ரொம்பச் சாதாரண வார்த்தையா போட்டிருக்கீங்களே, ஏம்மா?”

“ஐயா, வந்துட்டேன்னா வந்ததுதான். எந்த எண்ணத்தோட வந்தாங்கன்னு அந்த வார்த்தையில இல்ல. டெசர்ட்னு போட்டா எண்ணத்தையும் நான் சேத்து எழுதுன மாதிரி ஆயிரும். அது எனக்குத் தெரியாது. கீழ நாலு வரியில அவங்களே சொல்லியிருக்காங்க.”

அவர் தமிழ் மூலத்தை வாங்கித் தானே வாசித்தார். பூட்டு, மழை, ஜன்னல், மறுநாள் மாற்றிய பூட்டு. உரக்கப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு காசிராஜனை அழைத்து, “பூட்டை ஏன் மாத்துனீங்க?” என்று நேராகத் தமிழிலேயே கேட்டார். அவன் அவனுடைய வக்கீலைப் பார்த்தான். வக்கீல் பேப்பரைப் பார்த்தார்.

தீர்ப்பு பிறகுதான். அதுவரை சனியும் ஞாயிறும் குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவு. வெளியே வந்ததும் பாண்டிமீனா அழுவாள் என்று பார்த்தேன். “அக்கா, எங்க அண்ணன் வீட்ல கட்டில் ஒண்ணுதான் இருக்கு, பாய் வாங்கணும்,” என்றாள். இரண்டு பேரும் போய்ப் பூப்போட்ட கோரைப் பாய் வாங்கினோம். எந்த சைஸ் என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றதில் கடைக்காரர் சலித்துக்கொண்டார்.

ஜூலை 8, சனி

பாண்டிமீனா போன். “பிள்ள வந்துருச்சுக்கா! வந்ததுலருந்து வாய மூடலக்கா. டீச்சரு, பக்கத்து பெஞ்சு, பூனை, என்னென்னமோ. நான் ம் ம்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். நிறுத்த விடாதீங்கன்னு சாமிய வேண்டிக்கிட்டு இருக்கேன்.”

பின்னால் அந்தக் குரல் கேட்டது. கீச்சென்று, இடைவெளியே இல்லாமல்.

ஜூலை 10, திங்கள்

அவர் கிளம்பிவிட்டார். பெட்டி இரண்டு, புத்தகப் பெட்டி ஒன்று. டாக்ஸி வாசலில் நின்றது. பருப்புப் பொடி கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

“வரேன்,” என்றார்.

போகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. வரேன் என்றுதான் சொல்கிறோம். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை போயிட்டு வாங்க என்று பதில் சொல்லியிருக்கிறேன். இன்று வாய் வரவில்லை. அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். காரின் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

“உடம்பப் பாத்துக்கோங்க,” என்றேன். அது உண்மை. அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

ஜூலை 12, புதன்

சிந்துஜா பேசினாள். “அப்பா ரீச் ஆயிட்டாராம். நீ எப்படிம்மா இருக்க?”

வழக்கம்போல நல்லாருக்கேன் என்றுதான் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அவளிடம் எந்த வினைச்சொல்லைச் சொல்வது என்று தேடினேன். போயிருக்கார், கிளம்பினார், வெளிநாட்டில் இருக்கார், எல்லாம் சரியான சொற்கள்தான். கடைசியில் அழுகிற பிள்ளை மாதிரி, “அப்பா என்னை விட்டுட்டுப் போயிட்டாருடி,” என்றேன்.

எழுதிப் பார்க்கிறேன், இப்போதும் அது சரியா என்று தெரியவில்லை. அவருக்கு என்ன எண்ணம் என்று அவருக்கே தெரியாதபோது நான் எப்படிச் சொல்ல?

சிந்துஜா ஆச்சரியப்படவில்லை. அழவும் இல்லை.

“அவர் போய் ரொம்ப நாளாச்சும்மா,” என்றாள். “பிளஸ் டூலயே எனக்குத் தெரியும். நீ சொல்லட்டும்னு இருந்தேன்.”

“ஏன்டி கேக்கல?”

“கேட்டா, தாள் திருத்துறார்னு சொல்லுவ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

ஜூலை 14, வெள்ளி

சிந்துஜா கோயம்புத்தூரில் நாலு மணி பஸ் ஏறிவிட்டாளாம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்பது ஒன்பதரைக்கு வரும். ஆட்டோ பிடித்து நானே வந்துவிடுவேன், நீ வராதே என்கிறாள். நான் எட்டு மணிக்கே போய் நிற்கப் போகிறேன்.